ஒட்டறையும் உறைவிடமும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் இல்லங்களில் சிலந்தி – ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. முன்னுரை

அரசர்களையும் போர்களையும் மட்டுமே கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதும் முறை இன்று ஆய்வாளரிடையே செல்வாக்கு இழந்துவிட்டது. உற்பத்தி முறை, நிலவுடைமை, குடிவழமை, சடங்கு, வழிபாடு ஆகியன வரலாற்றின் பொருளாகிவிட்டன. ஆயினும் வீட்டின் உட்புறம் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. நாள்தோறும் செய்யப்படுவதும், செய்து முடித்த மறுநாளே மீண்டும் செய்யவேண்டியதுமாகிய வீட்டு வேலை தனக்கென எந்த நினைவுச்சின்னத்தையும் விட்டுச்செல்வதில்லை. ஆவணமற்ற உழைப்பு வரலாறற்ற உழைப்பாகக் கருதப்பட்டமை வியப்பன்று.

மட்டக்களப்புப் பிரதேசம் பற்றிய நூல்களை நோக்கின் இது புலப்படும். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட மாவட்ட விவரண நூல், எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) ஆகியன பிரதேச வரலாற்றுக்கு இன்றியமையாதன. குடிகளும் கோயில்களும் ஆட்சியுரிமைகளும் அவற்றின் பொருள். வீட்டின் முகட்டு மூலை அவற்றின் பொருளன்று.

இக்கட்டுரை அம்மூலையிலிருந்து தொடங்குகின்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிச் செல்லும் கரையோர முஸ்லிம் ஊர்களில், வேண்டாத விருந்தாளியாக வீட்டுக்குள் வாழ்ந்துவரும் சிலந்தியை இல்லத்தார் எவ்வாறு கையாண்டனர் என்பதே கேள்வி. கேள்வி சிறிதாயினும், வீடு யாருடையது, அதனைத் துப்புரவு செய்பவர் யார், எது அழுக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் பெரிய வினாக்களுக்கு அது நம்மை இட்டுச்செல்கின்றது.

2. வலை: காவலும் அழுக்கும்

முஸ்லிம் இல்லங்களில் சிலந்தியைக் கொல்லலாகாது என்னும் எண்ணம் பரவலாக வழங்குவதாகும். அதன் அடிப்படை ஹிஜ்ரத் நிகழ்ச்சியாகும். 622ஆம் ஆண்டில் நபிகள் நாயகமும் அபூபக்ரும் மக்காவை விட்டு நீங்கித் தௌர் குகையில் தங்கியிருந்தபோது, குகை வாயிலிற் சிலந்தி வலை பின்னியிருந்தமையால் உள்ளே எவரும் சென்றிருக்கமாட்டார் எனத் தேடிவந்தோர் திரும்பிச் சென்றனர் என்பது அவ்வரலாறு. குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் குகையிற் தங்கியமையைக் குறிப்பிடுகின்றது, சிலந்தியைக் குறிப்பிடவில்லை. சிலந்தி பற்றிய செய்தி ஹதீஸ் தொகுப்புகளுள் முஸ்னத் அஹ்மதில் இடம்பெறுகின்றது. அதன் அறிவிப்பாளர் தொடரின் வலிமை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மக்கள் வழக்கு இவ்வாதத்திற்குக் காத்திருக்கவில்லை. தமிழில் உமறுப்புலவரின் சீறாப்புராணத்து ஹிஜ்ரத்துக் காண்டம் குகை நிகழ்ச்சியைக் காவியப் பொருளாக்கியது. பள்ளிப் பிரசங்கமும் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிய கதையும் அதனை ஊரின் பொதுச்சொத்தாக்கின.

இதே மரபின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. குர்ஆனின் இருபத்தொன்பதாம் அத்தியாயம் சிலந்தியின் பெயராலேயே ‘அல்-அன்கபூத்’ என வழங்குகின்றது. அதன் 41ஆம் வசனம், இறைவனை விடுத்துப் பிறரைக் காவலராகக் கொள்வோரைத் தனக்கென வீடு கட்டிக்கொள்ளும் சிலந்திக்கு ஒப்பிட்டு, வீடுகளுள் மிக நொய்தானது சிலந்தியின் வீடே என்கின்றது. அங்கு ‘கட்டிக்கொண்டது’ எனப் பொருள்படும் அறபு வினை பெண்பால் வடிவில் அமைந்துள்ளது. வீட்டிலிருந்து சிலந்தி வலையை நீக்குக, விட்டுவைத்தால் வறுமை சேரும் என்னும் ஒரு கூற்றும் அலி அவர்கள் பெயரால் விரிவுரை நூல்களில் வழங்குகின்றது. ஆகவே ஒரே மரபினுள்ளே வலை ஒருபுறம் காவலாகவும், மறுபுறம் வறுமையை வருவிக்கும் அழுக்காகவும் காட்சியளிக்கின்றது.

இவ்விரட்டைத் தன்மை முஸ்லிம் மரபுக்கு மட்டும் உரியதன்று. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்துள்ள காரைதீவு தமிழ்க் கிராமம்; விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். அங்குள்ள சைவ இல்லத்தார் அறிந்த சிலந்தி வேறு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தின் கீழ் அமைந்த சிவலிங்கத்தின்மீது சருகு விழாதவாறு ஒரு சிலந்தி வலையால் மேற்கட்டி அமைத்தது. அதே லிங்கத்தை வழிபட்ட யானை அவ்வலையை அழுக்கெனக் கொண்டு அழித்தது. பின்னர் அச்சிலந்தியே கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இக்கதையிற் குற்றவாளி எவருமில்லை. சிலந்தியின் செயல் தொண்டு. யானையின் செயலும் தொண்டே. ஒன்று நிழல் அமைத்தது, மற்றது துப்புரவு செய்தது. தூய்மை எது என்பதில் இருவர் கொண்ட மாறுபட்ட கருத்தே அங்கு மோதலாயிற்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், நெடுநல்வாடையில் வாடைக் காலத்தின் குளிரைப் புலப்படுத்த வந்த நக்கீரர், கோடையிற் பயன்பட்ட விசிறி சுருக்கித் தூக்கப்பட்டு அதன்மீது சிலம்பியின் நூல் படிந்திருந்ததாகக் காட்டுகின்றார். அங்கு வலை காவலுமன்று, அழுக்குமன்று, பயன்பாடின்மையின் அளவுகோல். மனிதக் கை விலகிய இடத்திற் சிலந்தி புகும் என்னும் இக்கவனிப்பு, பின்னர் நாம் காணவிருக்கும் ஒரு செய்திக்கும் பொருந்தும்.

ஓர் உயிரினத்தின் மதிப்பு அதன் தொழிலால் அன்றி அதனைப்பற்றி வழங்கும் கதையாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்குப் பல்லி நல்ல சான்று. பல்லியும் சிலந்தியும் ஒரே சுவரில் ஒரே பூச்சிகளை உண்டு வாழ்வன. சைவத் தமிழ் இல்லங்களிற் பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கப்பட்டது. முஸ்லிம் மரபிலோ, இப்றாஹீம் நபி இடப்பட்ட நெருப்பை ஊதிய குற்றத்திற்காகப் பல்லியைக் கொல்லுமாறு ஹதீஸ் கூறுகின்றது. அடுத்தடுத்த ஊர்களில் ஓரிடத்தில் அது வருவதுரைப்பது, மற்றோரிடத்தில் தண்டனைக்குரியது. கதைகள் மனித உறவுகளின் விளைவாதலால், சிலந்தியின் வரலாறு உண்மையில் மனிதரின் வரலாறே.

3. வீடும் விளக்குமாறும்

காவலும் அழுக்குமாகிய இவ்வலையை நாளாந்த வாழ்வில் எவ்வாறு கையாள்வது? நூல்கள் விட்டுச்சென்ற இம்முரணைத் தீர்க்கும் பொறுப்பு நடைமுறையிற் பெண்களிடமே வந்து சேர்ந்தது. அவர்கள் கண்ட தீர்வு எளியது. வலையை நீக்குவது, சிலந்தியை விட்டுவிடுவது. நீண்ட கழியின் நுனியில் ஈர்க்கைக் கட்டியோ, தும்புத்தடியாலோ மூலைகளைத் துடைப்பர். நூலிற் தொற்றிவரும் சிலந்தியை முற்றத்தில் உதறிவிடுவர். நோன்பு, பெருநாள்களுக்கு முன் வீடு முழுவதும் ஒட்டறை அடித்துச் சுண்ணாம்பு பூசுவது வழக்கம். இத்தீர்வு கதைக்கும் மாறானதன்று, துப்புரவுக்கும் மாறானதன்று. சட்ட நூல் எதிலும் எழுதப்படாத ஒரு சமரசம் இது எனலாம்.

இச்சமரசத்தின் சமூக அடித்தளம் யாது? கிழக்குக் கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டோர். மணமகன் மணமகளின் வீட்டிற்கு வந்து வாழ்வான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வழங்கப்படுவது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் களஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஏனைய பிள்ளைகளுடன் வேறொரு வீட்டிற்கு நகரும் வழக்கத்தை விரிவாக விளக்கியுள்ளார். அவரது ஆய்வுகளின் திரட்சியான நூல் 2008இல் வெளிவந்தது. ஆகவே இவ்வூர்களில் வீடு பெண்ணின் உடைமை. உலகின் பல பகுதிகளில் இல்லாத ஓர் உரிமை இது.

ஆனால் உடைமை வேறு, உழைப்பிலிருந்து விடுதலை வேறு. வீட்டுக்குரியவளே அதன் கூலியற்ற துப்புரவாளருமாவாள். போடியார் வீட்டில் இவ்வேலையை ஏழைப் பெண்கள் செய்தனர். கூலி விவசாயியின் வீட்டில் நெல் அவித்து, பன்பாய் இழைத்து, பிள்ளை வளர்த்து எஞ்சிய நேரத்தில் வீட்டுக்காரியே செய்தாள். ஓலைக் கூரையும் மண்சுவரும் கொண்ட வீட்டில் ஒளிந்து வாழ இடம் மிகுதி. கிடுகின் மடிப்பு, வளையின் பொந்து, நெல்மூட்டையின் பின்புறம் ஆகிய யாவும் சிலந்திக்குப் புகலிடம். கல்வீட்டில் மாதம் ஒருமுறை செய்யும் வேலை ஓலைவீட்டில் வாரம் ஒருமுறை செய்யவேண்டியதாயிற்று. ‘ஒட்டறை பிடித்த வீடு’ என்னும் ஏளனம் சோம்பலைச் சுட்டுவதாகத் தோன்றினும், பெரும்பாலும் அது வறுமையையே சுட்டியது.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. நூலின் இழுவையையும் முடிச்சையும் வாழ்வாதாரமாகக் கொண்ட ஊரில், சிலந்தி பிறர் கையால் அழிக்கப்படுவதற்கென்றே நெய்யும் ஒரு நெசவாளியாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதித் துணிகளுக்கு வாயிலைத் திறந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. ஓய்ந்த தறியில் முதலிற் குடியேறுவது எது என்பதை நெடுநல்வாடைக்காரர் முன்னரே சொல்லிவிட்டார்.

4. தெளிப்பான் வீட்டினுள் நுழைதல்

மேற்கூறிய சமரசத்தை முதன்முதலாகக் குலைத்தது மதமன்று, அறிவியல் தாங்கிய அரசு. இவ்விடத்தில் நடுநிலையுடன் பேசுதல் வேண்டும்.

1934–35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டதாக மதிப்பிடப்படுகின்றது. பட்டினியால் நலிந்திருந்த கிராமத்து ஏழைகளே பெரிதும் மடிந்தனர். கேகாலைப் பகுதியிற் சூரியமல் இயக்கத்தினர் ஆற்றிய நிவாரணப் பணி இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றோடு பிணைந்தது. வீட்டு மூலைதோறும் சிலந்தி இருந்த காலமே அது. சிலந்தி நுளம்பை உண்பது உண்மை. சிலந்தி மலேரியாவைத் தடுக்கும் என்பது மிகை. பழைமையைப் போற்றுவதற்காக இவ்வுண்மையை மறைத்தல் ஆய்வு நேர்மையன்று.

டி.டி.ரி. என்னும் சேர்வையின் பூச்சிகொல்லித் தன்மையைச் சுவிற்சர்லாந்து நாட்டுப் போல் முல்லர் 1939இற் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இலங்கைக்கு வந்த இம்மருந்து 1946, 1947ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் வீடுகளின் உட்சுவர்களில் தெளிக்கப்பட்டது. குருதி அருந்திய நுளம்பு சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும். சுவரிற் படிந்துள்ள நஞ்சு அதனைக் கொல்லும் என்பதே இம்முறையின் அடிப்படை. 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யால் விளைந்ததன்று, உணவு வழங்கல், மருத்துவ வசதி ஆகியனவும் காரணம் என எஸ். ஏ. மீகம முதலிய குடித்தொகையியலாளர் வாதிட்டனர். எவ்வாறாயினும் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே.

ஆனால் நுளம்பு ஓய்வெடுக்கும் அதே சுவரே சிலந்தியின் வாழிடமுமாகும். நஞ்சுக்குக் குகைக் கதை தெரியாது. வலையை நீக்கிச் சிலந்தியை விடுதல் என்னும் பாகுபாட்டை விளக்குமாறு பேணியது, தெளிப்பான் பேணவில்லை. இரண்டாவதாக, எது நீக்கப்படவேண்டியது என்னும் தீர்ப்பு முதன்முறையாக வீட்டுக்காரியிடமிருந்து நீங்கிச் சீருடை அணிந்த வெளியாரிடம் சென்றது. வீட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவைத்து, உணவை மூடி, ஆண்கள் அடங்கிய குழு அறைக்குள் நுழைய வழிவிட வேண்டியதாயிற்று. தெளித்த சுவரை உடனே பூசுதலும் கழுவுதலும் கூடாது என்பது விதி. பெருநாளுக்குச் சுண்ணாம்பு பூசும் கைக்கும் இவ்விதிக்கும் இடையே இயல்பாகவே முரண்பாடு இருந்தது.

வெற்றி நிலைக்கவில்லை. தெளிப்பு நிறுத்தப்பட்டபின் 1967இன் இறுதியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றமையால் 1970களின் நடுப்பகுதியிலிருந்து மலாத்தியன் அதன் இடத்தைப் பெற்றது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012இற் பதிவானார். 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. பல்லாண்டுக் கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் கிராமம்தோறும் சென்ற சுகாதார ஊழியரின் உழைப்பும் சேர்ந்தே இவ்வெற்றியைத் தந்தன. நஞ்சு மட்டும் தந்ததன்று.

இதற்கிடையே அரசின் தெளிப்பான் விலகிய இடத்தைச் சந்தை நிரப்பியது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பால் வந்த பணம் கிடுகு வீடுகளை ஓட்டு வீடுகளாகவும் சீமெந்து மாடிகளாகவும் மாற்றியது. தகரக் குப்பியில் அடைத்த பூச்சிகொல்லி கடைத்தெருவிற் கிடைக்கலாயிற்று. ஒட்டறைக் கோலைத் தூக்க நேரமில்லாதவர் விசையை அழுத்தினாற் போதும். உழைப்புக் குறைந்தது உண்மை. ஆனால் பழைய சமரசத்தின் நுண்மையும் அதனோடு போயிற்று.

5. வயல் கற்ற பாடம்

அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரால் விரிந்த நெல்வயல்களே அதன் பொருளாதாரத்தின் முதுகெலும்பு. இக்கரையோர முஸ்லிம் குடும்பங்களிற் பல வயலையும் வீட்டையும் இரு கால்களாகக் கொண்டவை. ஆதலால் வீட்டுச் சிலந்தியைப் பேசுங்கால் வயற் சிலந்தியையும் பேசுதல் தகும்.

பசுமைப் புரட்சி கொணர்ந்த குறுகிய கால நெல்லினங்களோடு உரமும் பூச்சிகொல்லியும் வந்தன. 1970களில் ஆசிய நாடுகள் பலவற்றிற் கபிலநிறத் தத்தி பெருந்தொகையாகப் பெருகி நெற்பயிரை எரித்தாற்போல் அழித்தது. தத்தியைக் கொல்ல மேலும் மருந்து தெளித்தனர். தத்தி மேலும் பெருகியது. ஆய்வாளர் கண்ட காரணம் வியப்புக்குரியது. மருந்து தத்தியை விடத் தத்தியை உண்ணும் சிலந்தி முதலியவற்றையே பெரிதும் கொன்றிருந்தது. வயல்நீரின்மேல் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி இவ்விரையுண்ணிகளுள் முதன்மையானது. இவ்வறிவின் பயனாக 1986இல் இந்தோனேசியா 57 பூச்சிகொல்லிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தலாகாது எனத் தடைசெய்தது. இலங்கையிலும் 1980களிலிருந்து ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்னும் பெயரால் இக்கொள்கை உழவருக்குப் பயிற்றப்பட்டது. வரம்பில் நின்று சிலந்தியை எண்ணிப் பார்த்தபின்னரே மருந்தைப் பற்றி முடிவுசெய்க என்பது அப்பயிற்சியின் சாரம்.

உலகின் சிலந்திகள் யாவும் ஓராண்டில் உண்ணும் இரை 40 கோடி முதல் 80 கோடித் தொன் வரையாகும் என 2017இல் இரு ஐரோப்பிய ஆய்வாளர் மதிப்பிட்டனர். கென்யாவில் வாழும் ஒருவகைப் பாயும் சிலந்தி, குருதி அருந்திய நுளம்பையே தேர்ந்து உண்பதாக 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வினம் நம் நாட்டிலில்லை எனினும், நுளம்புக்கும் சிலந்திக்கும் இடையிலுள்ள உறவு கற்பனையன்று என்பதற்கு அது சான்று. டெங்கு பெருகியுள்ள இக்காலத்தில் இது கவனிக்கத்தக்கது. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். டெங்கைத் தடுக்கும் முதன்மை வழி நீர் தேங்கும் இடங்களை அகற்றுதலே; சிலந்தி அதற்கு மாற்றாகாது. ஆயினும் நுளம்பின் எதிரியை நுளம்போடு சேர்த்துக் கொல்வதில் எவ்வித நியாயமும் இல்லை. வயலிற் கணவன் கற்றுவந்த பாடத்தை அவன் வீடு இன்னும் முழுமையாகக் கற்கவில்லை எனலாம். வீட்டுக்காரி அதனை எழுத்தறிவின்றியே முன்னர் ஓரளவு அறிந்திருந்தாள்.

6. அச்சத்தின் அளவு

அச்சம் பற்றியும் ஒரு சொல். சித்த மருத்துவ நூல்கள் சிலந்தி விடத்தைத் தனியே வகுத்துப் பேசுகின்றன. உடலிற் தோன்றும் கட்டிக்கும் சிலந்தி என்றே பெயர். சிலந்திநாயகம் என ஒரு மூலிகையும் உண்டு. இவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது?

வீட்டில் நாம் காணும் சிலந்திகள் பெரும்பாலும் மூவகையின. மூலையிற் தலைகீழாகத் தொங்கி, தொட்டவுடன் வலையோடு சேர்ந்து அதிரும் நெடுங்கால் சிலந்தி ஒன்று. ஒட்டறையின் பெரும்பகுதி இதன் கைவேலையே. வலை கட்டாமல் இரவிற் கரப்பானை வேட்டையாடும் தட்டையான பெருஞ்சிலந்தி மற்றொன்று. இதன் பெட்டை வெண்ணிறத் தட்டுப்போன்ற முட்டைப்பொதியை வயிற்றின்கீழ் சுமந்து திரியும். சுவரிற் பகலிலே ஈயைப் பாய்ந்து பிடிக்கும் சிறு சிலந்தி மூன்றாவது. இவை எவையும் மனிதருக்கு உயிராபத்து விளைப்பனவல்ல. இலங்கையில் மருத்துவக் கவனத்துக்கு உரியது மரப்பொந்துகளில் வாழ்ந்து எப்போதேனும் வீட்டினுள் வரும் புலிமுகச் சிலந்தியாகும். இதன் கடி கடும் நோவையும் தசைப்பிடிப்பையும் தரும். கடியுண்டவர் மருத்துவமனையை நாடவேண்டும். இவ்வினத்துட் புதியதொரு வகை மாங்குளப் பகுதியிற் கண்டறியப்பட்டு 2012இற் பெயரிடப்பட்டது. காடழிப்பால் இவற்றின் வாழிடமே சுருங்கிவருகின்றது.

ஆகவே பயனுள்ள நடைமுறை பழைய நடைமுறையே. வலையைத் துடைத்தல், சிலந்தியைக் கிண்ணத்தால் மூடி அட்டையொன்றை அடியிற் செலுத்தி வெளியே விடுதல், பூச்சிகளை ஈர்க்கும் விளக்கொளியைக் குறைத்தல், மூலையிற் பொருள்களைக் குவியாதிருத்தல். புலிமுகச் சிலந்தியை மட்டும் வெறுங்கையால் அணுகலாகாது. இவ்வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் செய்யலாம். இதற்கு மாறாக எந்த நூலும் விதிக்கவில்லை.

7. வீடற்றோரும் ஆளற்ற வீடும்

2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. 10,000க்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் தரைமட்டமாயின. ஒட்டறை அடிக்கவும் சுவர் எஞ்சவில்லை.

மீள்குடியமர்த்தலின்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்னும் நிருவாகக் கருத்து ஆணையே முதன்மையாகக் கொண்டமையால், வழிவழியாகப் பெண்ணுக்குரியதாயிருந்த வீடு பல இடங்களில் ஆணின் பெயரிற் பதிவாகும் நிலை உண்டாயிற்று. மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோறன்சும் இதனை ஆராய்ந்துள்ளனர். பெண்ணின் உடைமை ஆவணத்தில் நழுவியது. துப்புரவுக் கடமை மட்டும் நழுவவில்லை.

அதனினும் துயரமான நிகழ்ச்சி நுரைச்சோலை. அக்கரைப்பற்றை அண்டிய அவ்விடத்தில் ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபிய நிதியுதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றைப் பகிர்ந்தளிப்பது இனமுரண்பாட்டுக்கும் வழக்கிற்கும் உள்ளாயிற்று. நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர்தல் வேண்டும் என்னும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2009இல் வந்தது. விளைவாக அவ்வீடுகள் பல்லாண்டு எவரும் குடியேறாமற் காடுமண்டிக் கிடந்தன. வீட்டுக்கு ஏங்கிய குடும்பங்கள் உறவினர் வளவுகளில் ஒடுங்கியிருக்க, கதவும் கூரையும் கொண்ட 500 வீடுகள் பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் உரியவாயின.

இல்லத்தில் வேண்டாத சிலந்தி பற்றித் தொடங்கிய நம் ஆய்வு இங்கு முடிவுறுவது தற்செயலன்று. சிலந்தி வீட்டைப் பிடித்துக்கொள்வதில்லை. மனிதக் கை விலகிய இடத்தில் மட்டுமே அது நிலைகொள்கின்றது. கூலி வாழ்வு பெண்ணின் நேரத்தைப் பறித்தபோது அது ஓலைக்கூரையிற் பெருகியது. இறக்குமதித் துணி வந்தபோது ஓய்ந்த தறியில் ஏறியது. இனவாத அரசியல் மக்களைத் தடுத்தபோது புது வீட்டினுட் புகுந்தது. ஒட்டறையை அடிக்கக் கோல் போதும். அதனை அங்கு தங்கவைத்த காரணங்களை அகற்றக் கோல் போதாது.

நொய்தான வீடு சிலந்தியினுடையது என்று மறை கூறுகின்றது. தான் கட்டிய வீட்டிலே தான் வாழும் பேறாவது அதற்குண்டு. இக்கரையோரத்து மக்களுக்கும், சிறப்பாக வீட்டின் உடைமையையும் உழைப்பையும் ஒருங்கே தாங்கிவரும் பெண்களுக்கும், அப்பேறு எவராலும் பறிக்கவொண்ணாத உரிமையாதல் வேண்டும். வீட்டின் உட்புற வரலாறு எழுதப்படும்போதுதான் அவ்வுரிமையின் பழைமையும் அது நழுவிய விதமும் தெளிவாகும். அவ்வரலாற்றுக்கான சான்றுகள் ஆவணக் காப்பகங்களிற் குறைவு. உம்மம்மாக்களின் நினைவில் மிகுதி. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது பிரதேச ஆய்வாளரின் கடமை.